பேராசிரியர் மாசிலாமணியின் உபவாசக் கூட்டம்

மாசிலாமணிக்கு எந்தப் பல்கலைக்கழகமும் பேராசிரியர் பட்டம் கொடுக்கவில்லை. இலங்கையின் மாத்தளை ஊர்தான் கொடுத்தது. டவுனுக்குப் பின்னால், தகரக் கூரை போட்ட வேதாகமப் பள்ளியில், தேயிலைத் தோட்டத்துப் பையன்களுக்குப் பிரசங்கம் செய்யக் கற்றுக்கொடுப்பதே அவருடைய வேலை. பஸ் நிலையத்தில் அவர்களை நிறுத்தி, கண்டக்டர்களின் கூச்சலுக்கு மேலே பேச வைப்பார். ஒருத்தராவது திரும்பிப் பார்க்கும் வரை விடமாட்டார். பொல்லாத மனுஷன்தான். ஆனால் அவர் கையில் படித்தவன் எந்தக் கூட்டத்திலும் நாக்குழறி நின்றதில்லை.

அவருக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. விசுவாசத்தைப் புதுப்பிக்கும் எழுப்புதல் கூட்டம் என்றால், அதற்கு முன் மூன்று நாள் சபையார் எல்லோரும் உபவாசம் இருக்க வேண்டும். காலி வயிற்றில்தான் வசனம் இறங்கும் என்பார். தானும் இருப்பார், அதில் ஏமாற்று வேலை கிடையாது.

எழுபத்து நாலாம் வருஷம் தோட்டங்களில் பஞ்சம் வந்தது. மாவுப் பங்கீடு குறைந்தது, வேலை நாள் குறைந்தது. சனங்கள் மரவள்ளி இலையை அவித்துத் தின்றார்கள். டவுனில் மாசிலாமணி ரொட்டிக்கடையில் பாண் வாங்க வரிசையில் நின்று சலித்துக்கொண்டார். அவர் பார்த்த பஞ்சம் அவ்வளவுதான். இரத்தோட்டைக்கு மேலே ஒரு தோட்டத்தில் சபை நடத்தும் உபதேசியாராக இருந்த பழைய மாணவன் சாமுவேல், கூட்டத்துக்குத் தேதி கேட்க வந்தவன், தயங்கித் தயங்கிச் சொன்னான்.

“ஐயா, இந்தத் தடவை உபவாசம் வேணாமுங்க. சனங்க ஏற்கெனவே பட்டினியாத்தான் கெடக்கிறாங்க.”

“பட்டினி கெடக்கிறதும் உபவாசமும் ஒண்ணாடா? நான் படிச்சுக் குடுத்தது இதுதானா?”

சாமுவேல் தேதியைக் குறித்துக்கொண்டு கிளம்பினான். வாத்தியாரை எதிர்த்துப் பேச மட்டும் அந்தப் பள்ளியில் யாரும் கற்றுக்கொடுக்கவில்லை.

உபவாசத்தின் மூன்றாம் நாள் மத்தியானம் மாசிலாமணி பஸ்ஸை விட்டிறங்கி, வேதப்புத்தகத்தோடு தோட்டத்துக்கு ஏறினார். ஜெப வீட்டில் ஒருவரும் இல்லை. எல்லோரும் தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும் லயத்தில், சபைக்காரன் வீரசிங்கத்தின் வீட்டுக்கு முன்னால் நின்றார்கள். காலையில் கொழுந்தெடுக்கப் போன அவன் மனைவி அழகாயி, மலையிலேயே கூடையோடு சரிந்துவிட்டாள். தூக்கி வந்தபோது உயிரில்லை. மாசிலாமணி அவள் முகத்தைப் பார்த்தார். கன்னம் ஒட்டிப்போய்ப் பல் வெளியே தெரிந்தது. மூன்று நாளில் வந்த மெலிவல்ல இது என்று அவருக்கு விளங்கியது. சுற்றி நின்ற முகங்களும் அப்படியேதான் இருந்தன. இவளை நான்தான் கொன்றேன் என்று நினைத்தார். வாய் திறந்து சொல்லத் துணிவில்லை.

வீரசிங்கம் எழுந்து கும்பிட்டான்.

“சாகிற வரைக்கும் அவ வாயில ஒண்ணும் படலீங்க ஐயா. நீங்க சொன்னபடியே இருந்தா. நானும் பிள்ளைங்களும் இன்னைக்குப் பொழுது சாயிற வரைக்கும் இருந்து முடிச்சிர்றோமுங்க.”

“வேணாம்ப்பா! இப்பவே உபவாசத்த முறிச்சிருங்க.” மாசிலாமணி அவன் கைகளைப் பிடித்துக்கொண்டார். “மொதல்ல பிள்ளைங்களுக்குத் திங்க ஏதாச்சும் குடு.”

வீரசிங்கம் அடுப்படியைத் திரும்பிப் பார்த்தான்.

“என்னத்தங்க ஐயா குடுக்கிறது?”