இடது பக்கம் பாருங்கள்

என் மனைவியின் அண்ணனுக்குச் சுற்றுலா பஸ்ஸில் மைக் பிடிக்கிற வேலை. கூட வேலை செய்கிறவர்கள் அவருக்கு வைத்த பெயர் ஒலிபெருக்கி. பயணிகளிடம் பேசும்போது அந்தக் குரலில் தேன் வழியும். எங்கள் கல்யாணத்துக்கு மட்டும் அந்த வாயிலிருந்து ஒரு வாழ்த்து வரவில்லை. வீட்டில் பார்த்த மாப்பிள்ளையை வேண்டாம் என்றுவிட்டு அவள் என்னைக் கட்டிக்கொண்டாள் என்ற கோபம். அதன் பிறகு அவர்களும் கூப்பிடவில்லை, நாங்களும் போகவில்லை. நடுவில் வீடு வேறு மாற்றிக்கொண்டு போய்விட்டார்கள், புது விலாசம் எங்களுக்குத் தெரியாது.

இந்த முறை வெளியூர் போகிற வழியில் அவர்கள் இருக்கும் நகரத்தில் ரயில் மாற வேண்டியிருந்தது. காலையில் இறங்கினால் மாலையில்தான் அடுத்த வண்டி. அம்மாவைப் பார்த்தே ஆகவேண்டும் என்று மனைவி ஒற்றைக் காலில் நின்றாள். அம்மா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது என்று யார் மூலமாகவோ கேள்விப்பட்டதிலிருந்து அவளுக்குச் சரியான தூக்கமில்லை. அண்ணனுக்குப் போன் செய்தாள். அம்மா பெரியம்மா ஊருக்குப் போயிருப்பதாகச் சொன்ன அந்த மகானுபாவர், பொழுது போகவில்லையென்றால் தன் பஸ்ஸில் ஏறி ஊரைப் பார்க்கலாம், ஸ்டேஷன் வாசலிலேயே திரும்ப இறக்கிவிடுவேன் என்றாராம். பெரியம்மா வீட்டு நம்பரைக் கேட்டதும் அவருக்குக் காது கேட்காமல் போய்விட்டது.

ஏறினோம். தங்கையைப் பார்த்து ஒரு தலையாட்டல். என்னைப் பார்த்து, "சார், டிரைவருக்குப் பின்னாடி சீட்டு காலியா இருக்கு" என்றார். தங்கை புருஷன் அவருக்கு சாராம். எனக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது. மனைவி என் கையை அழுத்தினாள், அடக்கிக்கொண்டேன்.

மணிக்கூண்டு, பழைய கோட்டை, பூங்கா என்று வரிசையாகக் காட்டினார். எதுவும் என் மண்டையில் ஏறவில்லை. ஒரு பாலத்தின் மேல் போகும்போது, "எல்லாரும் இடது பக்கம் பாருங்க" என்று ஏதோ ஒரு வங்கிக் கட்டடத்தை ஆகா ஓகோ என்று புகழ்ந்தார். நாற்றம் மூக்கைத் துளைத்தது. டிரைவர் கண்ணாடியில் எங்களைப் பார்த்துச் சிரித்தார். வலது பக்கம் சாக்கடையும் குப்பை மேடும் இருப்பதாகவும், அசிங்கமாக எது வந்தாலும் இவர் கூட்டத்தை மறுபக்கம் திருப்பிவிடுவார் என்றும் மெதுவாகச் சொன்னார். தொழில் ரகசியமாம்.

மதியத்துக்கு மேல் பெரிய சாலையில் குழாய் பதிக்கத் தோண்டிப் போட்டிருந்தார்கள். டிரைவர் ஒரு குடியிருப்புத் தெருவுக்குள் வண்டியைத் திருப்பினார். ஒலிபெருக்கி எதற்கு அப்படிப் பதறினார் என்று எனக்கு அப்போது புரியவில்லை.

"எல்லாரும் இடது பக்கம் பாருங்க!"

பார்த்தோம். ஒரு தண்ணீர்த் தொட்டி. நகரத்திலேயே உயரமான தொட்டி என்று ஆரம்பித்தார், அதற்கு மேல் வார்த்தை வரவில்லை. என் மனைவி மட்டும் வலது பக்கம் திரும்பினாள். மாடி வராந்தாவில் நாற்காலி போட்டு, பக்கத்தில் ஊன்றுகோலைச் சாய்த்துவைத்து, என் மாமியார் தலை காயவைத்துக்கொண்டிருந்தார்.

மனைவி எழுந்து கம்பியைப் பிடித்தபடி டிரைவரிடம் போனாள். "அண்ணே, வண்டிய நிறுத்துங்க. எங்கம்மா வீடு வந்துடுச்சு."

வண்டி நின்றது. அவள் அண்ணன் வழியை மறித்தார். கையிலிருந்த மைக்கை அணைக்க மறந்துவிட்டார்.

"பேசாம உட்காரு. உன்னக் கூட்டிட்டு வரக்கூடாதுன்னு சொன்னதே அம்மாதான்."

பஸ் முழுக்க எதிரொலித்தது. பின் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தவர்கூட நிமிர்ந்து உட்கார்ந்தார். மனைவி அண்ணனை ஒதுக்கித் தள்ளிவிட்டு இறங்கினாள். பின்னாலேயே நானும் ஓடினேன். பொய் சொன்னபோதும் அவரைப் பிடிக்கவில்லை, உண்மை சொன்னபோது இன்னும் பிடிக்கவில்லை.

மாடியில் மாமியார் அசையவில்லை. காலடியில் போய் உட்கார்ந்த மகளைக் குனிந்தும் பார்க்கவில்லை.

"இடுப்பு ஒடிஞ்சு கிடந்தப்ப வரல. இப்ப ரெண்டு ரயிலுக்கு நடுவுல நேரம் கிடைச்சதாக்கும். கோட்டையப் பார்த்தாச்சு, பூங்காவப் பார்த்தாச்சு, அப்படியே என்னையும் பார்த்துட்டுப் போக வந்தியா?"

அண்ணன் முன்பே எதையும் மறைக்காமல் மாமியாரிடம் ஒப்பித்திருக்கிறார். மனைவியின் கண்ணிலிருந்து நீர் கொட்டியது. அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். செருப்பைக் கழற்றிச் சுவரோரமாக வைத்தாள்.

"நான் போகலம்மா. இங்கதான் இருக்கப் போறேன்."

மாமியார் மகளின் தலையில் கையை வைத்தார். நானும் உட்கார ஒரு நாற்காலி கிடைக்குமா என்று கண்ணால் தேடினேன்.

"சரி, இரு," என்றார் மாமியார். என் பக்கம் திரும்பாமலே மகளைக் கேட்டார்: "அவருக்கு ரயிலுக்கு நேரமாகலையா?"