ஈயம் என்றால் எந்த ஈயம்

எங்கள் தெருவுக்குக் கரண்டு விளக்கு வந்த புதிது. ஸ்ரீவராகம் அக்ரகாரத்தில் மீன் வளர்த்த வீடு எங்களுடையது ஒன்றுதான். மராமத்து இலாகா ஸ்டோரில் முப்பது வருஷம் கிளார்க்காக இருந்த அப்பா, ஊர் திரும்பிய ஒரு துரையின் சாமான்கள் ஏலத்துக்கு வந்தபோது, இரும்புச் சட்டம் போட்ட கண்ணாடித் தொட்டி ஒன்றை எடுத்து வந்துவிட்டார். அதில் கரமனை ஆற்றிலிருந்து கொண்டுவந்த பரல் மீன்கள் எட்டு, ஒவ்வொன்றும் விரல் நீளம். வெங்காயம்கூட யோசித்து வாங்கும் தெருவில் மீன் என்றால் சும்மா விடுவார்களா? "இன்னிக்கு என்ன கொழம்பு?" என்று போகிறவர் வருகிறவரெல்லாம் அம்மாவைக் கேட்டார்கள்.

அப்புறம் அப்பாவுக்குப் பாரிசவாயு வந்தது. வலது கையும் பேச்சும் போயின. "பேச்சு திரும்பலாம், ஆனால் பேச வேண்டும் என்று அவருக்கே ஆசை வர வேண்டும்" என்றார் வைத்தியர். அந்த ஆசை மீன்களிடம் மட்டும்தான் வந்தது. எங்களைக் கண்டால் வாயைத் திறக்காதவர், கட்டிலை ஒட்டி இருந்த தொட்டியைப் பார்த்து உதட்டைக் குவித்து, "ப... ப..." என்பார். பரல் என்கிறாரா, பாரு என்கிறாரா, எனக்கு இன்றுவரை தெரியாது. பெற்ற பிள்ளையிடம் வராத பேச்சு மீனிடம் வருகிறதே என்று பொறாமைப்பட்டேன், அதை மறைப்பானேன்.

ஒரு நாள் தொட்டியின் அடி மூலையில் கண்ணாடியை ஒட்டியிருந்த மக்குப் பூச்சு உதிர்ந்து தண்ணீர் கசிய ஆரம்பித்தது. மீன்களைக் கொல்லைக் கல்தொட்டிக்கு மாற்றிவிட்டுச் சாலைக் கடைத்தெருவுக்கு ஓடினேன். இரும்புக் கடைக்காரர் நான் சொல்லி முடிப்பதற்குள், "ஈயம் வெச்சு அடைச்சால் மதி, சாரே. பின்னே ஒரு துள்ளி வெள்ளம் போவில்லா" என்றார் மலையாளத்தில். ஈயம் வைத்து அடைத்தால் போதுமாம், அப்புறம் ஒரு சொட்டுத் தண்ணீர் போகாதாம். ஈயத் தகடு கொஞ்சமும், ஈயப்பொடி குழைத்த மக்கு ஒரு டப்பியும் கொடுத்தார்.

ஈயம் என்று கேட்டதும் எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. எங்கள் வீட்டு ரசம் தினமும் ஈயச்சொம்பில்தானே கொதிக்கிறது? மனுஷனுக்கு ஆகிற ஈயம் மீனுக்கு ஆகாதா? வெளுத்ததெல்லாம் பால் என்று நம்பும் ஜாதி நான். ரசவாசனையாவது வருமே என்று எனக்கு நானே வேடிக்கை பேசிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அப்பாவின் கண்ணெதிரேதான் வேலையைத் தொடங்கினேன். தகடு வெறும் கையாலேயே வளைந்தது. மூலையில் வைத்து மரக்கட்டையால் தட்டிக்கொண்டிருக்கும்போது கட்டில் கிறீச்சிட்டது. அப்பா இடது கையை ஊன்றி எழுந்திருக்கப் பார்த்தார். முகமெல்லாம் சிவந்திருந்தது. "ஈ... ஈ..." என்றார். புது எழுத்து! எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "ஈயா அப்பா? இதோ விரட்டறேன்" என்று விசிறியை எடுத்து வீசினேன். அவர் தலையை ஆட்டினார், அடுக்களைப் பக்கம் கையை நீட்டினார், தொட்டியைக் காட்டினார், மறுபடி அடுக்களையைக் காட்டினார்.

"பசிக்கறதாக்கும், கேட்டியா. ரசம் கேக்கறார்" என்றாள் அம்மா.

எனக்குப் பொறுமை என்பது மருந்துக்கும் கிடையாது. யார் பேசினாலும் மீதியை நானே சொல்லி முடித்துவிடுவேன். ஓடிப்போய் ஒரு டம்ளர் ரசம் கொண்டுவந்து வாயருகே வைத்தேன். அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். ரசம் வேஷ்டியெல்லாம் கொட்டிற்று. "நன்னாக் கேட்டுட்டு வேண்டாம்கறாரே" என்று எனக்குக் கோபம்கூட வந்தது. வேஷ்டியை மாற்றிவிட்டு, மிச்ச மூலைகளிலும் மக்கு அப்பினேன். சாயங்காலம் மீன்கள் தொட்டிக்குத் திரும்பின. ஒரு சொட்டுக் கசிவு இல்லை.

இரண்டாம் நாள் மீன்கள் நீர்மட்டத்தில் வாயைப் பிளந்துகொண்டு நின்றன. தண்ணீரை மாற்றினேன். மறுநாள் மூன்று மல்லாந்தன. நாலாம் நாள் காலையில் ஒன்றுமே மிச்சமில்லை. கிணறு சரியில்லையா, கண் பட்டதா, ஒன்றும் புரியவில்லை. அப்பா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

அந்த வாரம் பழவங்காடியிலிருந்து பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் வந்தார். திருநெல்வேலிப் பக்கத்து மனுஷர். காலித் தொட்டியைப் பார்த்துவிட்டு, மூலையை நகத்தால் கீறினார்.

"சாமி, இது காரீயமாக்கும். வெசம். நீங்க ரசம் வெக்கிறது வெள்ளீயம். வாயில ரெண்டையும் ஈயம்னுதான் சொல்லுதோம், கொணம் வேற."

முப்பது வருஷம் ஸ்டோரில் லெட் என்கிற காரீயத்தையும் டின் என்கிற வெள்ளீயத்தையும் தனித்தனியாக நிறுத்துக் கொடுத்த மனுஷர், "ஈ" என்று சொல்லி அடுக்களையைக் காட்டினாரே! அந்த ஈயம்டா, இது இல்லை என்றா சொன்னார்? அம்மாவிடம் கேட்டேன். "அன்னிக்கு ஈயும் மொய்ச்சதுடா, நானே பார்த்தேனே" என்றாள். அதுவும் பொய்யில்லை.

ஈயம் பூசுகிறவரை விட்டே பழைய தகட்டையும் மக்கையும் சுரண்டி எடுத்து, வெள்ளீயத் தகடு வைத்து, தேன்மெழுகு உருக்கி அடைத்தேன். தொட்டியைத் தேய்த்து அலம்பி, தண்ணீரைப் பல தடவை நிரப்பிக் கொட்டினேன். முதலில் ஒரே ஒரு மீனை விட்டுப் பார்த்தேன். ஒரு வாரம் அது துள்ளிக்கொண்டிருந்த பிறகுதான் இன்னும் ஏழு பரல்களைக் கொண்டுவந்து விட்டேன்.

அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். "அப்பா, அன்னிக்கு நீங்க சொன்னது ஈயமா? எந்த ஈயம்னுதானே சொன்னேள்?"

அவர் என்னைப் பார்த்தார். அப்புறம் மீன்களைப் பார்த்தார். நான் குறுக்கே பேசவில்லை. அம்மா சாப்பிடக் கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை. மத்தியானம்வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன். எட்டும் அவர் முகத்துக்கு நேரே நீந்திக்கொண்டிருந்தன. அவற்றைப் பார்த்துக்கூட அவர் "ப" என்று சொல்லவில்லை.