காந்தம் ஒட்டாத ஏணி

என் மேசை இழுப்பறையில் ஒரு வட்டக் காந்தம் கிடக்கிறது. பழைய ரேடியோவின் ஸ்பீக்கரிலிருந்து பிரித்தெடுத்தது, ஓரத்தில் கொஞ்சம் உடைந்திருக்கும். என் அக்காவின் வீட்டுக்காரர், அதாவது மாமா, இதைக் கையில் பிடித்தபடி மலைமேல் கொட்டச்சேடு கிராமத்து வீட்டு வாசலில் நின்ற அந்தக் காலைப்பொழுது இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை.

மாமாவுக்கு இரண்டு ஏக்கர் காப்பித் தோட்டம். நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏறியிருக்கும். பறிப்பதற்கு நீள மூங்கில் ஏணி. ஒரு மரம் முடிந்தால் அதைப் படுக்கப் போட்டு, இரண்டு பேர் சுமந்துபோய், அடுத்த மரத்தில் நிமிர்த்த வேண்டும். மாமாவின் தோள்பட்டை அதிலேயே போய்விட்டது. அலுமினிய ஏணி வாங்குங்கள் என்று நச்சரித்தது நான்தான். சேலத்துக் கடைக்குக் கூடவே போய்த் தேர்ந்தெடுத்ததும் நான்தான். ஏணி வீட்டுக்கு வந்ததும் மாமா முதலில் அதன் காலில் காந்தத்தை வைத்துப் பார்த்தார். அது ஒட்டாமல் நழுவி விழுந்தது.

“பாத்தியா கண்ணு, இரும்பே கெடையாது. கரண்டு கம்பியில பட்டாலும் ஒண்ணும் ஆவாது.”

காந்தம் ஒட்டினால் இரும்பு, இரும்பு என்றால் ஷாக், ஒட்டாவிட்டால் பயமில்லை. அவர் மட்டுமல்ல, அந்தப் பக்கத்தில் பலரும் அப்படித்தான் நினைத்திருந்தார்கள். நானோ வேதியியல் டீச்சர். திண்மங்களின் பண்புகளை வேதிப் பிணைப்பு எப்படித் தீர்மானிக்கிறது என்ற கேள்விக்குப் பிள்ளைகள் எழுதிய விடைத்தாள்கள் அப்போது என் மடியில் இருந்தன. நான் சிரித்தேன். “மாமா, நீங்க பெயிலுங்க” என்று கேலி செய்துவிட்டு மறுபடியும் சிவப்புப் பேனாவை எடுத்தேன். அவரும் சிரித்துக்கொண்டே ஏணியைத் தூக்கிப் போனார். விளக்கிச் சொல்ல இரண்டு நிமிடம் போதும். அந்த இரண்டு நிமிடத்துக்கு எனக்கு என்ன கேடு வந்தது?

மாசியில் பறிப்பு தொடங்கியது. புது ஏணி எடையே இல்லாததால் மாமா அதைப் படுக்கப் போடுவதை விட்டுவிட்டார். நின்ற வாக்கிலேயே தூக்கி, தனியாளாக மரத்துக்கு மரம் நகர்த்தினார். நாலாம் நாள் காலை பதினோரு மணிக்கு ஏணியின் தலை தோட்டத்துக்கு மேலே போகும் மின்கம்பியில் பட்டது. அக்கா கீழே உதிர்ந்த மிளகைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். ஓடிப்போய் அவரைத் தொடப் போனவளைப் பக்கத்துத் தோட்டத்துக்காரர் இழுத்துப் பிடித்தாராம். வேலியோரம் கிடந்த பழைய மூங்கில் ஏணியால்தான் அலுமினிய ஏணியைத் தள்ளிவிட்டார்கள். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

காரியம் முடிந்த மறுநாள் அக்கா என்னிடம் கேட்டாள், “காந்தம் ஒட்டலியே கண்ணு, அப்பறம் எப்படி?”

எனக்கு வேறு பேச்சு தெரியவில்லை, பாடத்தையே சொன்னேன். உப்புக்கல்லில் எதிரெதிர் அயனிகள் இடம்பெயராமல் பிடித்துக்கொண்டிருக்கின்றன. தட்டினால் நொறுங்கும், மின்சாரத்தையும் கடத்தாது. காய்ந்த மூங்கிலில் எலக்ட்ரான்கள் சகப்பிணைப்புகளில் கட்டுண்டு கிடக்கின்றன. உலோகத்தில்தான் அவை எந்த ஓர் அணுவுக்கும் சொந்தமில்லாமல் எங்கும் அலைகின்றன. அதனால்தான் அலுமினியம் உடையாமல் வளைகிறது, அதனால்தான் மின்சாரமும் அதில் ஓடுகிறது. காந்தம் ஒட்டுவது வேறு சங்கதி. தோட்டத்துக்கு மேலே போகும் அந்தக் கம்பியே அலுமினியம்தான்.

அக்கா பொறுமையாகக் கேட்டாள். என்மேல் அவளுக்குக் கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. இருந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

“இத்தனையும் தெரிஞ்சிருக்கு. அன்னிக்கே அவருகிட்டச் சொல்லியிருக்கலாமில்ல கண்ணு.”

பிறகு உள்ளே போய்க் காந்தத்தை எடுத்து வந்து என் கையில் வைத்தாள். அவள் வீட்டில் அது இருக்க வேண்டாம் என்றாள்.

வருடாவருடம் அந்தப் பாடம் வரும்போது இதை வகுப்புக்குக் கொண்டுபோகிறேன். அலுமினியத் தகட்டில் வைப்பேன், நழுவி விழும். இதில் கரண்டு பாயுமா என்று கேட்பேன். மலையிலிருந்து பஸ்ஸில் வரும் பிள்ளைகளில் ஏதாவது ஒன்று, பாயாதுங்க டீச்சர் என்று சொல்லிவிடும். மற்றவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கிறவர்களை நான் அதட்டி எழுந்து நிற்க வைக்கிறேன். அதே தகட்டின் வழியாகப் பாட்டரியோடு இணைத்த பல்பு எரிந்த பிறகும் கொஞ்ச நேரம் அவர்களை உட்காரச் சொல்வதில்லை.