அஞ்சலி பேனரில் உயிருள்ளவரின் கைகள்

பிள்ளைகளே, 2012 வாக்கில் திண்டிவனம் பேருந்து நிலையத்தின் எதிரே ஃப்ளெக்ஸ் பேனர் கடை வைத்திருந்தேன். இறந்தவரின் நல்ல படம் கிடைக்காவிட்டால், வாக்காளர் அட்டையிலுள்ள முகத்தை மட்டும் வெட்டி, வேறொருவர் உடம்பில் ஒட்டுவது எங்கள் தொழிலில் சகஜம்.

ஒரு பெரியவரின் அஞ்சலி பேனருக்காக இணையத்தில் தேடினேன். வேட்டி சட்டையோடு கைகூப்பி நிற்கும் ஒருவரின் படம் கிடைத்தது. 'யாரும் எடுக்கலாம், மாற்றலாம். என் பெயரை மட்டும் குறிப்பிடுங்கள்' என்று திறந்த உரிமத்தில் கொடுத்திருந்தார். முதல் வரியோடு நிறுத்திக்கொண்டேன். இலவசம்தானே என்று அவர் தலையை எடுத்துவிட்டுப் பெரியவர் தலையை ஒட்டினேன்.

என் கடையருகே பேனர் கட்டிய மறுநாள் காற்றில் மேல்கட்டு அவிழ்ந்து, முகமும் பெயரும் பின்பக்கமாக மடிந்து தொங்கின. 'கண்ணீர் அஞ்சலி' என்ற எழுத்தும் உடம்பும்தான் தெரிந்தன. பேருந்திலிருந்து இறங்கிய ஒரு பெண் அதைப் பார்த்து அலறி, என் கடை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். தண்ணீரோடு ஓடினேன்.

"அண்ணா, அது எங்க வூட்டுக்காரருணா! காலையிலதான் பாண்டிக்கு வேலைக்குப் போனாரு, போன் எடுக்க மாட்றாரு!"

"இல்லம்மா, அவரு வேற யாரோ பெரியவரு."

"பொய் சொல்லாதீங்க! சுண்டுவிரல் வளைஞ்சிருக்கு பாருங்க. அந்தக் கலர் மாறின பட்டன் நான் தைச்சது!"

காலையில் போனவருக்கு அதற்குள் பேனரா என்று யோசிக்கும் நிலையில் அவர் இல்லை. உண்மையைச் சொல்லத் துணிவில்லாமல் ஏணி போட்டுப் பேனரை நிமிர்த்தினேன். கணவரின் உடம்பில் வேறு தலையைப் பார்த்ததும் அந்த அம்மா மயங்கியே விழுந்துவிட்டார்.

சோடா தெளித்து எழுப்புவதற்குள் அவர் போன் அடித்தது. கணவர்தான்! வெப்சைட் வடிவமைப்பவராம். வேலையில் இருந்ததால் போனைக் கவனிக்கவில்லையாம். பதறியடித்துக் கடைக்கு வந்தவரிடம் கைகூப்பி மன்னிப்புக் கேட்டேன்.

"பேர் போடச் சொல்லி இருந்தேனே, ஏன் போடல?" என்றார்.

"போட்டிருந்தா நான் இங்கயே செத்திருப்பேன்! ஊருக்கெல்லாம் உடம்பைத் தானம் பண்ணிக்கினு திரியறீங்களா?" என்று மனைவி சீறினார்.

அவர் சிரித்துவிட்டார். என்னால் முடியவில்லை. அன்றே அந்தப் பேனரை இறக்கி, பெரியவரின் முகத்தை மட்டும் வைத்துப் புதிதாக அடித்துக் கட்டினேன். இப்போதெல்லாம் உரிமத்தைக் கடைசி வரி வரை படிக்கிறேன். இன்ன காரியத்துக்கு எடுக்கிறேன் என்று கொடுத்தவருக்கும் எழுதிக் கேட்கிறேன். ஒருவர் நல்ல மனதோடு எல்லோருக்குமென்று கொடுத்த படத்தைத் தொடும்போது, அதைக் கண்டு பதறக்கூடிய ஓர் உயிரும் எங்கோ இருக்கிறது என்ற நினைப்பில் இன்றும் என் கை ஒரு கணம் நின்றுதான் நகர்கிறது.