இடது நீலம், வலது பழுப்பு

திண்டுக்கல்லில் எந்தக் கல்யாண மண்டபத்துக்குப் போனாலும் நான் மணமக்களைப் பார்த்ததைவிட என் செருப்பைப் பார்த்ததே அதிகம். பந்தியில் பாதிச் சாப்பாட்டில் எழுந்துபோய் வாசலை எட்டிப் பார்ப்பேன். ஒன்றை ஒரு மூலையிலும் இன்னொன்றை வேறு மூலையிலும் கழற்றிப் போடுவது ஊரில் எல்லாரும் செய்வதுதான். அப்படியும் ஒருமுறை என் புதுச் செருப்பு காணாமல் போனது.

அதன்பிறகுதான் செருப்பின் அமைப்பையே மாற்றினேன். ஒரே அளவில் நீல வார் வைத்த ஒரு ஜோடியும் பழுப்பு வார் வைத்த ஒரு ஜோடியும் வாங்கி, இடதுகாலில் நீலம், வலதுகாலில் பழுப்பு என்று போட ஆரம்பித்தேன். எந்தத் திருடன் இதைப் போட்டுக்கொண்டு தெருவில் நடப்பான்? என் மூளையை நினைத்து எனக்கு ஒரே பெருமை.

சித்தையன்கோட்டைக்குப் பெண் பார்க்கப் போனபோதும் அதைத்தான் போட்டிருந்தேன். வத்தலக்குண்டில் ஒரு கல்யாணத்தில் அந்தப் பெண்ணைப் பார்த்து, ரொம்பப் பிடித்துப்போய், நானே அம்மாவிடம் சொல்லிக் கேட்கவைத்த இடம் அது.

"இன்னிக்காவது ஒழுங்கான செருப்பாப் போடேன்டா" என்றாள் அம்மா.

நான் கேட்கவில்லை. பெண் பார்க்கிற வீட்டில் கூட்டம் இருக்கும், யாரை நம்புவது? நீலத்தை வாசற்படி அருகிலும் பழுப்பைத் தென்னை மரத்தடியிலும் விட்டுவிட்டு அம்மாவோடு உள்ளே போனேன்.

பெண் வந்து கும்பிட்டுவிட்டு உள்ளே போனாள். காபி குடித்துக்கொண்டிருந்தபோது அவளுடைய தாய்மாமன் வாசலிலிருந்து சத்தம் போட்டார்.

"மாப்ள செருப்புல ஒத்தையக் காணோம். நாய் தூக்கிட்டுப் போயிருச்சு போல!"

வீடே இறங்கித் தேடியது. பெண்ணின் அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கத்தரிக் காட்டுக்குள் இறங்கிவிட்டார். எனக்கு அந்த மாமன் மேலேயே சந்தேகம். ஓடிப்போய்ப் பார்த்தால் இரண்டும் வைத்த இடத்திலேயே கிடந்தன.

"இது ரெண்டும் ஜோடிதாங்க" என்றேன். "யாரும் எடுத்திரக் கூடாதுன்னு மாத்திப் போட்டிருக்கேன்."

பெண்ணின் அப்பா குழாயடியில் கால் சேற்றைக் கழுவிக்கொண்டிருந்தார். கதவுக்குப் பின்னாலிருந்து அவள் குரல் மட்டும் கேட்டது.

"எங்க வீட்லயா?"

மறுநாள் போனில் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். யாரோ என்னைப் பற்றிப் போட்டுக்கொடுத்திருக்கிறார்கள் என்று கொதித்தேன். பக்கத்துவீட்டுக்காரரா, எதிர்வீட்டுக்காரரா என்று ஒவ்வொருவராகச் சந்தேகப்பட்டேன். அம்மா கீரை ஆய்ந்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏலே, எவனும் ஒண்ணும் சொல்லல" என்றாள். "எங்க வீட்லயான்னு அந்தப் புள்ள கேட்டுச்சே, அதுக்கு நீ என்ன பதில் சொன்ன?"