கோவிந்தன் காலில் அஞ்சலையின் தோல்

மலாயாவில் ஜப்பான்காரன் காலத்தில் லிங்கிப் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றின் ஆஸ்பத்திரியில் நான் புண் கட்டி மருந்து கொடுக்கும் டிரஸ்ஸர். மருந்து அலமாரியில் மருந்தைத் தவிர எல்லாம் இருந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் பாலுக்கு ரப்பர் மரம் சீவும் கோவிந்தன் கெண்டைக்காலில் உள்ளங்கை அகலப் புண்ணோடு வந்து படுத்தான். சிரம்பானிலிருந்து சைக்கிளில் வரும் டாக்டர் பார்த்துவிட்டு, "புண்ணு மூடலன்னா முழங்காலுக்குக் கீழ எடுத்துடணும்" என்றார். கோவிந்தன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் மனைவி அஞ்சலை எங்களோடு சண்டைக்கு நின்றாள்.

மலேரியா பார்க்க வைத்திருந்த மைக்ராஸ்கோப்பில் அவன் சீழைச் சாயம் போட்டுப் பார்த்தோம். வெள்ளை அணுக்கள் வயிறு முட்டக் கிருமிகளை விழுங்கிக் கிடந்தன.

"மரவள்ளிய மட்டும் தின்னுட்டே ஒடம்பு இந்தப் போடு போடுதே" என்று டாக்டர் சிரித்தார். காலை எடுப்பதைத் தள்ளிவைத்தார்.

கொதித்து ஆறிய உப்புத் தண்ணீரில் தினமும் கழுவினேன். சீழ் வற்றிச் சதை சிவந்ததும், தொடைத் தோலைப் பருப்பளவு பருப்பளவாகக் கிள்ளியெடுத்துப் புண்ணில் ஒட்டலாம் என்றார் டாக்டர். கோவிந்தன் தொடையெல்லாம் சொறி. நல்ல தோல் புண்ணின் ஓரத்துக்குத்தான் போதுமானதாக இருந்தது.

"நடுவுக்கு என் தொடையில எடுங்கய்யா" என்றாள் அஞ்சலை.

"நிக்குமான்னு தெரியலம்மா. நிக்கிற வரைக்கும் புண்ண மூடி இருக்கும்" என்றார் டாக்டர்.

இரண்டு பேர் தோலும் ஒட்டிக்கொண்டன. அஞ்சலைக்குப் பெருமை தாங்கவில்லை. "அவரு இனிமே நடந்தா நானும் கூடவே நடப்பேன்" என்று தோட்டத்து லயக் குடியிருப்பு முழுக்கச் சொல்லி வைத்தாள்.

இரண்டாவது வாரம் அவள் தோல் மட்டும் வீங்கிக் கறுத்து, கட்டோடு கழன்று வந்தது. அவள் முகம் விழுந்துவிட்டது. "அப்ப கால எடுத்துருவீங்களாய்யா?" என்றாள்.

டாக்டர் குனிந்து பார்த்தார். அடியில் சதை சுத்தமாக இருந்தது. ஓரத்திலிருந்த அவன் தோல் உள்ளே பரவி வந்திருந்தது. "காலு தப்பிச்சுது. அதுக்கு நேரம் வாங்கிக் குடுத்தது ஒங்க தோலுதாம்மா" என்றார்.

அவளுக்கு அது போதவில்லை. "பெறகு ஏன்யா என்னயத் தள்ளுச்சு?"

"கிருமிய முழுங்குதே வெள்ளணு, அதோட கூட்டந்தான். சொந்த ஒடம்ப விட்டுரும். அயலா இருந்தா பொண்டாட்டின்னு பாக்காது."

அஞ்சலை இடுப்பிலிருந்த பிள்ளையை முன்னால் நீட்டினாள். "இவன் பாதி அவருதானே? பத்து மாசம் வயித்துல வச்சிருந்தேன். என் ஒடம்பு தள்ளுச்சா? என் வெள்ளணுவுக்கு உள்ள பொறும அவரோடதுக்கு இல்லியே."

கட்டிலில் கோவிந்தன் கண்ணை இறுக மூடிக்கொண்டான். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் பஞ்சைத் தேடுவதுபோல அலமாரிப் பக்கம் போய்விட்டேன்.

எதிர்ப்புச் சக்தி என்றால் அடிதடி என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அடிக்க வேண்டியதை அடிப்பது அதில் பாதிதான், அடிக்காமல் விடுவது மீதிப் பாதி. பின்னாளில் என்னிடம் தொழில் பழகிய டிரஸ்ஸர்களுக்கு முதல் பாதியை மைக்ராஸ்கோப்பில் காட்டினேன். மீதிக்கு, அஞ்சலை கேட்டதை அப்படியே கேட்டுவிட்டு, அவர்கள் விழிப்பதைப் பார்த்துச் சந்தோஷமாக உட்கார்ந்திருப்பேன்.