வெளுத்துப்போன நெல்

மறைந்த அப்பா எடுத்த பழைய ஃபிலிம் ஸ்லைடுகளை ஸ்கேன் செய்துகொண்டிருந்தேன். எல்லாம் எங்கள் குடவாசல் வீட்டு வாசலில் காயப்போட்ட நெல்தான்.

"உன்னைய ஒரு படம்கூட எடுக்கலையேம்மா, அவருக்கு நெல்லுதான் பெருசு" என்றேன் எரிச்சலோடு, பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவிடம். அப்பா இருந்தபோது அவரிடமே இதைச் சொல்லிக்காட்டியிருக்கிறேன். அவர் சிரித்துக்கொண்டே கேமராவைத் துடைக்கப் போய்விடுவார்.

ஸ்கேனர் தானாக வைத்த வெளிச்ச அளவில் நெல் பளிச்சென்று வந்தது. பின்னால் கதவுப் பக்கம் ஒரே கறுப்பு. என்னதான் இருக்கிறதென்று எக்ஸ்போஷரைக் கூட்டினேன். நெல் வெளுத்துப்போனது. கறுப்புக்குள்ளிருந்து, கதவைப் பிடித்தபடி சின்ன வயது அம்மா சிரித்தாள். அடுத்த ஸ்லைடிலும் அவள்தான். அதற்கடுத்ததிலும்.

அம்மா திரையைத் தொட்டுப் பார்த்தாள்.

"கேமரான்னாலே உள்ள ஓடிருவேன். 'நெல்லைத்தான் எடுக்குறேன், நீ பாட்டுக்கு நில்லு'ன்னாரு. நானும் நம்பிட்டேன்டா."

நெல் சரியாகத் தெரிந்த ஸ்கேன்களை எல்லாம் அழித்துவிட்டேன்.